ஃபாஸிலாவின் தீனம்

மருமகள் சொல்வதெல்லாம் கள்ளம் என்று ஹமீதா பீவி முடிவே கட்டிவிட்டாள்.

முன்னெல்லாம் விடியக்காலை சுபுஹு தொழுத கையோடு கடை திறக்கப் போய்விடுவான் மகன் சபீர். இப்போது நாலஞ்சு மாசமாக, எட்டு மணியானாலும் அறைக் கதவு திறப்பதில்லை. தட்டினால் ஃபாஸிலாதான் எட்டிப் பார்ப்பாள்.

“காலம்பற எனக்குக் கைவிரல் மடங்க மாட்டேங்கு மாமி. அவங்கதான் ஒத்தடம் குடுக்காங்க.”

சொன்ன வாயோடு அடுக்களைக்கு வந்து, கொதிக்கிற வெந்நீர்ச் சட்டியை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போவாள்.

மடங்காத விரலுக்குச் சட்டி மட்டும் எப்படிப் பிடிபடுகிறதாம்?

“அப்படி என்ன தீனம்ட்டி உனக்கு?”

“மூட்டு வாதம் மாமி. ரத்தத்துல பிளேட்லெட்டும் கூடிக் கெடக்காம்.”

“அது கொறைஞ்சாதானே பேடிக்கணும்? எதுத்த வீட்டுக்காரிக்கு டெங்கு வந்தப்பம் கொறைஞ்சுட்டுன்னுதானே தூக்கிட்டு ஓடுனாவ? கூடுனா நல்லதுல்லியா?”

“இல்ல மாமி. கிருமிய அடிக்க வேண்டிய வெள்ளையணு, ஆளு தெரியாம நம்ம மூட்டையே போட்டு அடிக்காம். ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட்டும் அதுகூடச் சேந்துக்கிட்டு ஏத்தி விடுதாம். அதுலதான் இந்த வீக்கம்.”

நல்லாத்தான் கதை படிச்சு வச்சிருக்கா! ஹமீதா பீவிக்கு எரிச்சல் கூடியது. புருஷனை அறைக்குள்ளேயே பிடித்து வைக்க இப்படியும் ஒரு தந்திரமா?

இதற்கிடையில், ஒரு வருஷமாக மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த மகள் சஃப்னாவைக் கோட்டாறிலிருந்து பெண் கேட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா போனில் துருவித் துருவி விசாரித்தாள்.

“மருமவதான் தீனக்காரி. எனக்க பிள்ளைய ரெண்டுக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்ல, கேட்டியளா?” என்று பெருமையாகச் சொல்லி வைத்தாள் ஹமீதா பீவி.

அந்த வாரமே சபீரும் ஃபாஸிலாவும் நாகர்கோவிலுக்கு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்கள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான். அடுத்த பஸ்ஸிலேயே ஹமீதா பீவியும் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில், டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஃபாஸிலா மட்டும் உட்கார்ந்திருந்தாள். போனில் விரல்கள் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தன.

“ஏட்டி! டாக்டரு உள்ள இருக்காரு, நீ இங்க போன நோண்டிட்டு இருக்கியா? தீனக்காரி இருக்க லெச்சணமா இது?”

ஃபாஸிலா சட்டென்று எழுந்தாள். “மாமி... நீங்க எப்படி இங்க?”

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள்.

“சபீர் வைஃப் நீங்கதானே? அவருக்கு ஊசி போட்டாச்சு. பிளேட்லெட் எறங்கியிருக்கு. காலையில வர்ற விரல் விறைப்பும் பைய பைய கொறையும். கூட்டிட்டுப் போகலாம்.”

ஹமீதா பீவி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்க மோனுக்கா தீனம்? பெறவு எதுக்குட்டி உனக்குன்னு சொன்ன?”

ஃபாஸிலா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணனுக்குன்னு தெரிஞ்சா, தங்கச்சிக்கும் வருமோன்னு சஃப்னாவ வேண்டாம்னுருவாங்க மாமி. நான் வேற ரத்தம்தானே... எனக்குன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”