சுவிஸ் பிளக்குக்கு ஒரு சுவர்

சுபாஸ்கரன் குறட்டின் வாயை விரித்து வயரில் வைத்துவிட்டான். ஓர் அமுக்கு அமுக்கினால் பிளக் தனியே விழுந்துவிடும்.

"வயரிலை கை வையாதை தம்பி," என்றார் கனகலிங்கம். "சுவரை வெட்டு."

சுபாஸ்கரன் குறட்டை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். வட்டுக்கோட்டையில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவன் அவன். வெளிநாட்டுச் சாமான் எத்தனைக்கோ பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம்மூர்ப் பிளக்கைப் பூட்டிக் கொடுத்திருக்கிறான். வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை. சுவரை வெட்டச் சொன்ன ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அதுவும் சித்திரை வருசத்துக்குப் பெயின்ற் அடித்த சுவர்.

குசினிக்கு அடுத்த சின்ன அறையில் மெசின் நின்றது. உடுப்புக் காயவைக்கிற மெசின். சுவிஸில் இருக்கிற ஒரே மகள் தக்சாயினி கப்பலில் போட்டு அனுப்பியது. பிளக்கில் மெல்லிய பின்கள் மூன்று. நடுப்பின் மற்ற இரண்டோடும் கோபித்துக்கொண்டதுபோலக் கொஞ்சம் விலகி நின்றது. நம்மூர்ச் சுவரில் இருக்கிற சதுர ஓட்டைக்குள்ளும் அது போகாது, உருண்டை ஓட்டைக்குள்ளும் போகாது.

அந்த நடுப்பின்னைக் கனகலிங்கம் வந்தவர் போனவர் எல்லோருக்கும் தொட்டுக் காட்டி முடித்திருந்தார். பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடத்தான். வெங்காயம் திறமாக விளைந்தால் பிடி கட்டி, ஒழுங்கையில் போகிறவர்களுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துத் தொங்கவிடுகிற மனுசன்.

"அடிக்கிற வெயில் காணாதெண்டோ மெசின் எடுப்பிச்சனீ?" என்று பக்கத்து வீட்டுச் சீவரத்தினம் மதிலுக்கு மேலால் கேட்டுப் பார்த்தார். மாரி வரட்டும், உன்னுடைய சாரம் காய்கிறதா என்னுடைய சாரம் காய்கிறதா பார்ப்போம் என்று கனகலிங்கம் விட்டுக்கொடுக்காமல் நின்றார். ஊருக்கு அது சிரிப்பாக இருந்தது.

சுபாஸ்கரனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும் அதன் வில்லங்கம்.

இந்தப் பிளக்குக்கு ஏற்ற ஓட்டை யாழ்ப்பாணத்தில் எங்கும் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான். கனகலிங்கம் அலுமாரியைத் திறந்து, துவாயில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து விரித்தார். வெள்ளை வெளேரென்று, சுவரில் பதிக்கிற சுவிஸ் பிளக் பொயின்ற். தக்சாயினி வைத்துவிட, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மருமகன் றொகானின் பெட்டிக்குள் வந்து இறங்கியது. ஒன்றல்ல, இரண்டு.

ஒரு மெசினுக்கு எதற்கு இரண்டு என்று சுபாஸ்கரனுக்கு விளங்கவில்லை.

"பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன் தம்பி. உன்ரை சாமானிலை ஒண்டையும் வெட்ட விடமாட்டன் எண்டு."

இந்த இடத்தில் மகாதேவி அக்கா வந்து புருசனுக்கு நல்ல ஏச்சுக் கொடுப்பார் என்று சுபாஸ்கரன் எதிர்பார்த்தான். வழக்கமாக அவர்தான் கனகலிங்கத்துக்குக் கடிவாளம். அவரும் வந்தார். ஆனால் பழைய சேலை ஒன்றை விரித்து, தூசு படாதபடி மெசினை மூடிவிட்டுப் போனார்.

சரி, வீடு அவர்களுடையது, விசரும் அவர்களுடையது. உளியை எடுத்தான்.

மெயின் சுவிச் போட்டிலிருந்து தனி லைன் இழுத்து, ஏர்த் வயரைக் கொழுவி, சீமெந்து பூசிப் பூட்டி முடிக்க மத்தியானம் கடந்துவிட்டது. பிளக்கைக் கனகலிங்கமே வாங்கிச் செருகினார். ஒரு தள்ளலில் போய் இருந்துகொண்டது. அந்தப் பொருத்தத்தைப் பார்க்கச் சுபாஸ்கரனுக்கே ஆசையாக இருந்தது.

சுவிச்சைப் போட்டான். மெசின் சுற்றியது. உள்ளே ஏதோ டக் டக்கென்று தட்டுப்பட்டது.

நிறுத்திக் கதவைத் திறந்து கையை விட்டுத் துழாவினான். வண்ணத்துப்பூச்சி வைத்த தலைக்கிளிப் ஒன்று வந்தது. கூடவே ஒரு சின்னக் காலுறை, குதிக்கால் தேய்ந்துபோனது.

புது மெசின் இல்லை. ஊரெல்லாம் கூட்டிக் காட்டிய மனுசனின் முகத்தைப் பார்க்கச் சுபாஸ்கரனுக்குச் சங்கடமாக இருந்தது.

கனகலிங்கத்தின் முகம் கொஞ்சமும் வாடவில்லை. கிளிப்பை வாங்கிச் சேட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மற்றப் பொயின்ற்றைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு நடந்தார். அங்கே சுவரோரமாக இரண்டு கட்டில்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சின்னக் கட்டிலுக்கு மேலே விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதிலை ஒண்டு. பேத்தியின்ரை இரவு லைற்றுக்கு. லைற் இல்லாட்டி அவள் நித்திரை கொள்ளாளாம்."

"லீவிலை வருகினமோ அண்ணை?"

"இல்லைத் தம்பி. வீட்டுச் சாமானோடை வருகினம்."

பிறகு யன்னல் பக்கம் திரும்பினார். வெங்காயம் விளைந்ததைச் சொல்லுகிற அதே குரலில், மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"கை நீட்டுற புருசனோடை என்ரை பிள்ளை இருக்கமாட்டாள். வெளிக்கிட்டிட்டாள்."

குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் சீவரத்தினத்தின் வானொலியும் நின்றது.

சுபாஸ்கரன் உளியைச் சின்னக் கட்டிலுக்கு மேலே சுவரில் வைத்தான். இந்தச் சுவரும் புதுப் பெயின்ற்தானே, வெட்டட்டுமா என்று மெல்லக் கேட்டான்.

"வெட்டு. இந்த வீடு அவளுக்குச் சீதனமாய் எழுதினது," என்றார் கனகலிங்கம். "நானும் மனுசியும்தான் இவ்வளவு நாளும் வந்து இருந்தனாங்கள். இப்ப வீட்டுக்காரி வாறாள்."