ஐவரி கலர் பெயிண்ட்

வீட்டைக் காலி செய்த ரஞ்சனா சாவியை நீட்டினாள். வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் அதை வாங்காமல், சமையலறைச் சுவரை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய்ப் பிசுக்கு. ஹால்ல வேற ஆணி அடிச்சிருக்கே."

"காலண்டருக்கு ஒரே ஒரு ஆணிதான் மாமா. நேத்து பூரா தேய்ச்சுத் தேய்ச்சு அலம்பியிருக்கேன்."

"எங்கப்பா இருந்தவரைக்கும் இந்த மாட்டுங்கா வீட்டுச் சுவர்ல ஒரு கறை கிடையாது. முழுக்கப் பெயிண்ட் அடிச்சாத்தான் சரியாகும். டெபாசிட்ல இருபதாயிரம் பிடிச்சுக்கறேன்."

ரஞ்சனா சண்டைக்கே போகவில்லை.

"என்ன கலர் மாமா?"

"ஐவரி."

"பேஷா அடிங்கோ," என்று சாவியை அவர் கையில் வைத்தாள். "பெயிண்டரை மட்டும் இன்னிக்கே வரச் சொல்லுங்கோ. பில்டிங் மொத்தத்தையும் காலி பண்ணச் சொன்ன பில்டர், நாளைக்குக் காலம்பற இடிக்க வந்துடுவான்."