தங்கக் காது

"மூணாவது டிராக்ல வயலின் ஜாஸ்தி" என்று திரையிசை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டுக் குளிக்கப் போன அவள் கணவர், அங்கேயே சரிந்து இறந்துபோனார்.

பத்து நாள் கழித்து, குழு நண்பர் ஒருவர் முதன்முறையாக வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, புது ஆல்பம் வந்திருக்கு. தங்கக் காது அண்ணன் இல்லாம நல்லதா கெட்டதான்னே புரியல." போனில் ஒலிக்கவிட்டார்.

"படத்துக்குச் சரி. தனியாக் கேட்டா இழுவை" என்றாள், தன்னை மறந்து.

"அப்படியே அண்ணன் பேச்சு!"

சொன்னால் அவர் பேர் கெடுமோ? குழம்பியபடியே சொல்லிவிட்டாள்.

"அவருக்கு ஆறு வருஷமாக் காதே கேட்காதுங்க. நான் கேட்டு எழுதிக் காட்டுவேன். அவர் உங்களுக்கு அனுப்புவார்."

நண்பர் விழித்தார். "அப்ப நாங்க சண்டை போட்டதெல்லாம் உங்ககூடவா?"

"கருத்துதான் என்னுது. சண்டை அவரோடது. ஒருநாளாவது என்னை விட்டுக்கொடுத்திருக்காரா, சொல்லுங்க!"