ஒரு கொக்கி, ஒரே சைக்கிள்

"எட்டு வருஷமா ஒரே சைக்கிள்தான் ஓட்டறேன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தணிகாசலம் பெருமையடிக்கும்போது அவன் மனைவி பூங்கோதை காபியோடு நிற்பாள். கூடத்துச் சுவரில் கொக்கி அடித்து அதை மாட்டி வைத்திருந்தான். எடை குறைய வேண்டும் என்று முதலில் பெல்லைக் கழற்றினான். பிறகு சீட், பெடல், ஹேண்டில்பார், இரண்டு சக்கரம் என்று ஒவ்வொன்றாக உசத்தியில் வாங்கிப் பூட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. கழற்றியதை "காயலான் கடையில போட்டுடு" என்பான். அவள் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். போன வாரம் பழைய ஃபிரேமும் அவள் கைக்கு வந்தது. அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டி முடித்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தவன் கூடத்திலேயே நின்றுவிட்டான். கொக்கியில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் தொங்கியது. கீறல் விழுந்த நீல நிறம்.

"இது யாரோடது?"

"என்னோடது. நானே பூட்டினேன்."

"இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே."

"எட்டு வருஷமா ஒரே சைக்கிள்னு சொல்லுவீங்கல்ல, அதுதான்."

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அதை இறக்கினாள். கொக்கி காலியானது. அவன் தோளில் இருந்ததை இன்னும் இறக்கவில்லை. அவள் தெருவுக்கு வந்து ஏறி மிதித்தாள். குறுக்கே ஒருவரும் வரவில்லை. ஆனாலும் பெல்லை அடித்தாள்.