பழுப்பு வேலி

"விடமாட்டேன் ஷைலஜா. இந்த ஆளை அவ்வளவு சுலபமா விடவே மாட்டேன்!"

டாக்டர் ஏலியாம்மா ஸ்லைடை விளக்குக்கு நேரே பிடித்துப் பல்லைக் கடித்தார். அதில் ஒட்டியிருந்தது, பனச்சிக்கல் அவுசேப்பின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த துளிச் சதை.

ஆய்வகத்தில் சாயமேற்றும் ஷைலஜா ஸ்லைடையும் டாக்டரையும் மாறிமாறிப் பார்த்தாள். கோட்டயத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பகை தெரியாதவர் யார்? டாக்டர் வீட்டு ரப்பர் தோட்டத்து எல்லைக்கல்லைப் பிடுங்கி, தள்ளி நட்டது அவுசேப்பின் அப்பன். அந்த ஆள் செத்ததும், வாரிசுகளைத் தேடிப் பிரதிவாதிகளாகச் சேர்க்கிறோம் என்று, டாக்டர் வீட்டார் போட்ட வழக்கு வருடக்கணக்கில் படுத்துவிட்டது. அது எழுந்திருப்பதற்குள் டாக்டரைப் பெற்ற அப்பச்சன் ஏங்கியே கண்ணை மூடினார். இப்போது அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துதான் அவுசேப்பு பீடி குடிக்கிறார். டாக்டரின் கார் கடந்தால் காறித் துப்புகிறார்.

"பேசாம இதைப் பக்கத்து ரூம் குருவிலா டாக்டர்கிட்ட கொடுத்துடலாமே, டாக்டர்?"

"ஏன், எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? போய் ஆன்டிபாடி போட்டுக் கொண்டா."

நல்ல சுரப்பியைச் சுற்றி வேலி கட்டினாற்போல ஒரு வரிசை செல்கள் இருக்கும். ஆன்டிபாடி அவற்றைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். சாயமேற்றினால் வேலி பழுப்பாகத் தெரியும். புற்றுநோய் என்றால் வேலியே இருக்காது.

மறுநாள் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அதன் எதிர்ப்பக்கக் கண்வில்லை வழியே ஷைலஜாவும் பார்த்தாள். பொட்டுப் பழுப்பு இல்லை.

யானைக்கொரு காலம், பூனைக்கொரு காலம் என்பது இதுதான் போலிருக்கிறது. "அப்போ புற்றுநோயேதானா டாக்டர்?" என்றாள் மெல்ல.

"அவசரப்படாதே. இந்த ஓரத்துச் சுரப்பிகளைப் பாரு. பார்த்தாலே தெரியுது, நல்ல சுரப்பிங்க. இதுங்களுக்குக்கூட வேலியைக் காணோமே! இதுல ஆன்டிபாடி விட்டியா, இல்ல பராக்குப் பார்த்துட்டு விட்டுட்டியா?"

ஷைலஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பகையையே நினைத்துக்கொண்டு ஸ்லைடு வரிசையில் ஆன்டிபாடியைச் சொட்டு விட்டபோது, அந்த ஒரு ஸ்லைடைத் தாண்டிப் போயிருந்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு 'புற்றுநோய்' என்று எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

மறுபடி செய்தாள். இம்முறை ஒரு சுரப்பி பாக்கியில்லாமல் சுற்றிலும் அழகான பழுப்பு வேலி. டாக்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "கர்த்தாவே, காப்பாத்தினே!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார்.

ஷைலஜாவின் கண் நிறைந்துவிட்டது. சே, இந்தப் புண்ணியவதியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

முடிவை வாங்க அவுசேப்பு தனியாகத்தான் வந்தார். பிள்ளைகள் அயர்லாந்தில் ஒன்று, கனடாவில் ஒன்று, குவைத்தில் ஒன்று. ஒன்றுமில்லை என்று கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதார்.

"மோளே... நானா இருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டேன். பழசையெல்லாம் மறந்துட்டியே!"

டாக்டர் கட்டன் சாயா வரவழைத்து அவர் கையில் கொடுத்தார். "பீடியை இன்னியோட விட்டுடுங்க, அவுசேப்பு சேட்டா. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. மழையில நனையாதீங்க."

"என் உடம்பு மேல உனக்கு இவ்வளவு அக்கறையா, மோளே?"

"பின்னே? கேசு முடியறதுக்குள்ள நீங்க செத்துத் தொலைச்சா, உங்க வாரிசுங்களை மூணு தேசத்துல நான் எங்க போய்த் தேடுறது?"