மேட்டில் நின்ற வண்டி

"போச்சா? மறுபடியும் போச்சா!"

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. மேட்டில் பாதி ஏறிய வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகியிருந்தது.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வியர்த்த கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த டிரைவிங் ஸ்கூல் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா இல்லை, அக்காவின் வீட்டுக்காரர்தான் காரணம். துணைக்கு வருகிறேன் என்று தினமும் பின்னால் ஏறிக்கொள்கிறார். டெலிவரி வேன் ஓட்டுகிறவர். அவர் வாய் மட்டும் நியூட்ரலில் நிற்கவே நிற்காது.

"விடுங்கக்கா. இடது காலை மெதுவா எடுங்க. வண்டி லேசா முனகும், முன்பக்கம் கொஞ்சம் தூக்கும். அங்கேயே காலை நிறுத்துங்க. ஒரு மூச்சு விட்டுட்டு, அப்புறம் ஆக்ஸிலேட்டர் கொடுங்க."

அக்கா காலை எடுத்தார். வண்டி முனகியது.

"பார்த்து! பார்த்து! உருளப் போகுது!" என்றார் பின் சீட்.

கால் பதறி கிளட்ச்சை விட்டது. வண்டி ஆஃப்.

"பத்து வருஷமா நான் ஓட்டறதைப் பார்க்கறா, மேடம். ஒண்ணும் ஏறலை பாருங்க" என்று சிரித்தார்.

அக்கா திரும்பி மேடத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இது சரிப்படாது மேடம். புது லேப்ல இன்சார்ஜ் வேலை வேணாம்னு சொல்லிடறேன். அங்க பஸ்ஸும் போகாது, எனக்கு வண்டியும் வராது. பழைய இடத்துலயே இருந்துக்கறேன்."

இத்தனை வருஷம் உழைத்துக் கிடைத்த பதவி. ஒரு கிளட்ச் அதைப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறது. மேடத்துக்கு மனசு ஆறவில்லை.

"சார், கொஞ்சம் முன்னாடி வாங்க. நீங்களே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. அக்கா பார்த்துக் கத்துக்கட்டும்."

கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா பின்னால் போனார்.

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டுக்காரர் கிளட்ச்சை விடும் நேரம் பார்த்து, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு மேடம் அதை அழுத்தி மிதித்தார்.

வண்டி குலுங்கி நின்றது.

"என்னாச்சு?" அவர் குனிந்து பார்த்தார்.

"தெரியலையே சார். இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு தடவை. இன்னொரு மிதி. மறுபடி ஆஃப். அவர் மறுபடியும் கீழே பார்த்தார். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

பின் சீட்டில் 'களுக்' என்று ஒரு சத்தம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

போதும், பாவம் என்று மேடம் காலை எடுத்துவிட்டார். ஆனால் வண்டி மூன்றாவது தடவையும் துள்ளி, இருமி, நின்றது. அனுபவசாலிக்கே உதறல் எடுத்துவிட்டது போலிருக்கிறது!

இப்போது அக்கா வாய்விட்டே சிரித்தார். "என்னங்க, இப்படி ஆயிடுச்சு!"

"கஷ்டம்தான் போல" என்று தலையைச் சொறிந்தபடி அவர் இறங்கினார்.

அதற்குப் பிறகு அக்கா உட்கார்ந்த விதமே வேறு. காலை எடுத்தார், வண்டி முனகியது, மூச்சு விட்டார், மேட்டில் ஏறிவிட்டார். திரும்பி வந்து மறுபடி ஏறினார். பின் சீட்டிலிருந்து மூச்சு விடும் சத்தம்கூட வரவில்லை.

"திங்கட்கிழமை ஜாயின் பண்றேன்னு சொல்லிடறேன் மேடம்!" என்று சொல்லிவிட்டு, ஸ்கூல் வாசலில் இறங்கியதும் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

மேடத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பார்த்தீங்களா சார், நீங்க பேசாம இருந்தா அக்கா எவ்வளவு அழகா ஓட்டறாங்க?"

"பார்த்தேன். மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உங்க பிரேக்கை மிதிச்சா டிரைவர் காலடியில இருக்கற பிரேக்கும் சேர்ந்து கீழ போகுது."

மேடத்துக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் இது எப்படித் தோன்றாமல் போனது?

"சாரி சார். அக்காவுக்குப் பயம் தெளியட்டும்னுதான்..."

"தெரியுது. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன் சார்." மேடம் தயங்கினார். "ஆனா மூணாவது தடவை நான் மிதிக்கவே இல்லையே?"

குழாயடியில் இருந்த மனைவியைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"ரெண்டாவது தடவை நின்னப்பதான் அவ லேசா சிரிச்சா. இந்த வண்டியில ஏறினதுலேர்ந்து நான் அவளைச் சிரிக்கவே விடலைன்னு அப்பதான் உறைச்சுது. அதான், மூணாவது தடவை நானே ஆஃப் பண்ணேன்."