கம்பெனிக்கு உரிய பால்

பழைய பேட்டரிகளைத் உருக்கிய உப்பில் கரைத்து லித்தியம் பிரிக்கும் ஆலையில் வேலை பார்த்த ஜெபக்கனி, பிள்ளை பெற்று வீடு திரும்பியிருந்தாள். ஆலை ஆள் பாட்டிலோடு வந்து நின்றான்.

"பாலைப் பீச்சிக் குடுங்கக்கா. ஒங்க ஒடம்புல ஏறுன லித்தியம் அதுலதான் இறங்கும். அது கம்பெனிச் சொத்து."

"ஏலே, பிள்ளைக்கு என்னத்தக் குடுக்க? ஒன் தலையையா?"

"பால்பவுடர் கொண்டாந்திருக்கேம்லா."

"போ லே! எம் மவ ஏற்கெனவே வயிறு முட்டக் குடிச்சாச்சு," என்றாள் ஜெபக்கனி, ஜெயித்தவள்போல.

அவன் தூங்கும் குழந்தையின் வயிற்றில் லித்தியம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தான். பிஞ்சுக் காலில் ஆலையின் வளையம் ஒன்றை மாட்டிப் பூட்டினான்.

"அப்ப பாப்பாவும் கம்பெனிக் கணக்குதான். மூத்திரத் துணியைத் துவைச்சிராதீங்க, அதுலயும் லித்தியம் இறங்கும்."

குழந்தை வீறிட்டது. ஜெபக்கனியின் மார்பில் பால் கசிந்தது. குழந்தையைத் தூக்கப் போன கை, காலில் பூட்டிய வளையத்தைக் கண்டு பாதியில் நின்றுவிட்டது.